மலர்விழியின் அண்ணன்

வீட்டில் துணி துவைக்கும் மெஷின் செத்துவிட்டது. போன வாரம் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, செனாய் கடைவரிசையில் காசு போட்டுத் துவைக்கும் டோபிக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் சவர்க்கார வாசம். எனக்கு எரிச்சல் வந்தது. இந்த இடத்தில் அடிக்க வேண்டிய வாசம் இது இல்லை. சிகரெட்டும், வெந்நீர் ஊற்றிய கப் மீ நூடுல்ஸும், ஏர்கோனின் ஈர நாற்றமும் கலந்து அடிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் இது சைபர் கஃபே. டிரையர் சுற்றுகிற மூலையில்தான் என் நாற்காலி.

அப்போது நான் இங்கே ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் படுக்கப் போக மாட்டேன். நானும் கூட வேலை செய்த மணியமும் நேரே இங்கே வந்துவிடுவோம். கம்ப்யூட்டரில் பல ஊர் ஆட்கள் ஒரே உலகத்துக்குள் நுழைந்து, சேர்ந்து அரக்கர்களை அடிக்கும் ஆட்டம். இப்போது பார்த்தால் சிரிப்பீர்கள். பொம்மைகளுக்கு மூக்குகூடக் கிடையாது.

அதில் என்ன இருந்தது என்று என் மனைவி கேட்பாள். உட்காருவது இருந்தது. சண்டை முடிந்தால் இழந்த உயிர் தானாக ஏறாது. ஒரு பொத்தானை அழுத்தினால் பொம்மை சம்மணம் போட்டு உட்காரும், ரத்தக்கோடு மெல்ல மெல்ல ஏறும். அதுவரை பேச்சுதான். இன்று என் மகன் ஆடும் ஆட்டம் தானே சண்டை போட்டுக்கொள்கிறது. இவன் பக்கத்தில் போனை வைத்துவிட்டுச் சோறு தின்கிறான். அதற்குப் பெயர் ஆட்டமா?

என் பொம்மை ஒரு பெண். காயம் ஆற்றுகிற வேலை. பெயர் மலர்விழி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெண் என்றால் கூட ஆடுகிறவர்கள் வாளும் கேடயமும் சும்மா கொடுப்பார்கள்.

"ஆம்பளைக்கு எவன்லா ஓசியில கொடுப்பான்?" என்பான் மணியம்.

அப்படித்தான் சேகர் கிடைத்தார். மூவாரில் ஆற்றோரம் ஒரு மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அடிப்பவர். முன்னால் நின்று அவர் அடி வாங்குவார், பின்னால் நின்று நான் ஆற்றுவேன். மற்றவர்கள் போல் அவர் போட்டோ கேட்கவில்லை. முதல் நாளே 'தங்கச்சி' என்றார். கூடப்பிறந்தது மூன்று அண்ணன்கள், அம்மா இல்லை, வீட்டில் பெண் வாசமே கிடையாது என்றார். தினமும் உட்கார்ந்ததும் ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுவார்: "தங்கச்சி சாப்டியா?"

ஃபேக்டரியில் என்னை அதைக் கேட்க ஆள் இல்லை. நானும் ஒழுங்காகப் பதில் சொல்வேன், "சாப்டேன்ணே" என்று.

தீபாவளி நெருங்கியது. "தங்கச்சின்னு ஒண்ணு வந்தப்புறம் துணி எடுத்துக் கொடுக்காம எப்படிம்மா? ஞாயித்துக்கிழமை உன் ஊருக்குப் பக்கத்துல கூலாய் பஸ் ஸ்டேஷனுக்கு வரேன். நீல சட்டை போட்டிருப்பேன்" என்றார். மணியம் தூண்டிவிட்டான் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். "வாங்கண்ணே" என்று தட்டியது என் விரல்.

அந்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் போனோம். அதுதான் உண்மை. இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் கறை. கையில் ஒரு பை.

"போடா, போய் அண்ணேன்னு கூப்புடு" என்று மணியம் என் முதுகில் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, செனாய் பஸ் வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"என் தங்கச்சி வருது. இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கிறியா? ஒண்ணுக்குத் தண்டாஸ் போயிட்டு வந்துர்றேன். அது வந்தா நிக்கச் சொல்லு."

கையில் பையோடு நின்றேன். ஒரு டப்பா முறுக்கு. மஞ்சள் பஞ்சாபி சூட் ஒன்று. அதன்மேல் குத்திய துண்டுச் சீட்டில், 'அளவு தெரியல. பெருசா எடுத்திருக்கேன். பிடிச்சுத் தெச்சுக்கம்மா.' தூரத்தில் மணியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தலைமுடியையும் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்.

"வந்துச்சா?"

"இல்லண்ணே."

பையைக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கு நீட்டினார். வாங்கித் தின்றேன். நான் பன்றிதான். மூன்று செனாய் பஸ் வந்து போனபின் அவர் மூவார் பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் அவர் கேட்குமுன் நானே தட்டினேன், "வீட்ல விடலண்ணே."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "சரிம்மா. தப்பு என்னோடதுதான். வயசுப் பொண்ண அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிரு" என்று வந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு மலர்விழியை நான் திறக்கவே இல்லை. மணியம்தான் அவ்வப்போது வந்து சொல்வான். ஆட்டத்துக்குள் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். மலர்விழியைப் பார்த்தீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்கிறாராம். பிறகு ஒருநாள் அந்த ஆட்டத்தையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நாளன்று பழைய ஆட்களெல்லாம் உள்ளே கூடினார்கள். நான் போகவில்லை. ஓவர்டைம் என்று மணியத்திடம் சொன்னேன். அன்று எனக்கு லீவு.

ஆட்டமே போய்விட்டது, இனி எங்கே போய் மன்னிப்புக் கேட்பது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சும்மா கதை. மூவார் என்ன, காரில் இரண்டு மணி நேரம்.

டோபியிலிருந்து வந்த மறுநாள் ஒருவழியாகப் போனேன். ஆற்றோரம் அந்தப் பட்டறை இல்லை. இடித்துவிட்டு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் சேகரைப் பற்றிக் கேட்டேன். "பழைய ஆளுங்க எல்லாம் எங்கெங்கயோ போயிட்டாங்க. இப்ப ஒருத்தரும் இல்ல" என்றார். அப்பாடா என்று இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த அப்பாடா எனக்கே உறைத்தது. அவரைத் தேடி நான் போனது, அவர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான்.