பினாங்கு வளையல்

அக்கா ராபியாவை நான் முதன்முதலாக எடை போட்டது புதுவயலில் நான் குமாஸ்தாவாக இருந்த அரிசி மில்லில், மூட்டை நிறுக்கும் தராசில்தான். 1970, ஆவணி மாதம். அன்று மின்வெட்டு நாள் என்பதால் மில் ஓடவில்லை. ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து நான்தான் வரச் சொல்லியிருந்தேன். செக்காலையிலிருந்து பஸ்ஸில் வந்தவள், முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூட்டை வைக்கும் பலகையில் ஏறி நின்றாள்.

களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த சோணையம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ராபியாக்கா, பாத்து நில்லுங்க. பலகை போன மாசந்தான் மாத்துனாக."

"முறிஞ்சா ஒங்க மொதலாளிக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

"ஒங்களுக்கென்ன, பினாங்குக்காரர் பொண்டாட்டி. திங்கிற சோறு ஒடம்புல ஒட்டுது. நானும் நாள் பூரா இந்த நெல்லோட கெடக்குறேன், எலும்புதான் எட்டிப் பாக்குது."

அக்கா சிரித்தாள். நான் குண்டுகளை மாற்றிப் போட்டு, கம்பியை நகர்த்திப் பார்த்தேன். எழுபத்தொரு கிலோ. மெதுவாகச் சொன்னேன். அவள் பலகையிலிருந்து இறங்கவில்லை.

"இன்னொரு தடவ பாரு, தம்பி. சேலை ஈரமா இருக்கு."

சேலை ஈரமாக இல்லை. மறுபடி பார்த்தேன். எழுபத்தொன்றுதான்.

சோணையம்மாளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அக்கா, அவள் மகள் ஆபிதா, நான். 1968-இல் மதுரையில் அக்காவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்று. அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஊரில் வயிற்றுக் கட்டி என்று சொல்லி வைத்தோம். அடுத்த வருஷம் தையல் தழும்பின் ஓரத்தில் மிளகு அளவில் மூன்று முடிச்சுகள் தட்டுப்பட்டன. மறுபடி அறுக்க முடியாது என்று சொன்ன டாக்டர், சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாளைக்கு மூன்று வேளை.

"இது ஹார்மோன் மாத்திரை. பெண் உடம்பில் தானாக ஊறும் ஒன்றைப் போலச் செய்தது. இவங்க வயசுக்கு இது கட்டியை அமுக்கி வைக்கும். குமட்டும். நீர் கோத்து உடம்பு ஊதும். உப்பைக் குறைச்சுக்கங்க. என்ன ஆனாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார்.

நான்கு மாதத்தில் முடிச்சுகள் கரைந்து, விரலுக்குத் தட்டுப்படாமல் போயின. ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு கிலோவுக்கு மேல் என்றும் இராத உடம்பு அதே வேகத்தில் ஏறியது. முகம் வட்டமானது. கால்விரல் மிஞ்சியைச் சுற்றிச் சதை ஏறிவிட்டது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: நல்லாத் தேறிட்டீக.

அவள் சாப்பிட்டது என்ன என்று எனக்குத் தெரியும். காலையில் உப்பில்லாத கேப்பைக் கஞ்சி. மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, கொள்ளு ரசம். ராத்திரி ஒன்றுமில்லை. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காதவள், இரண்டையும் வீட்டுக்குள் வர விடவில்லை. விடிவதற்கு முன் கொல்லையில் கிணற்றடிக்கும் சுவருக்கும் நூறு நடை நடந்தாள். வேலைக்காரியை நிறுத்திவிட்டு ஆட்டுக்கல்லில் தானே அரைத்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி தராசில் ஏற்றினேன். எழுபதரை.

"அரைக் கிலோவா? அரைக் கிலோவுக்கா இம்புட்டுப் பட்டினி?" என்றாள்.

மெலிய வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு கெடு இருந்தது. அதற்குக் காரணம் வளையல்.

மச்சான் ஹனிபா பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடைசியாக ஊருக்கு வந்தது 1963-இல். திரும்பக் கப்பல் ஏறுகிற அன்று அக்காவின் கையைப் பிடித்து, விரல்களைக் குவிக்கச் சொல்லி, முட்டியைச் சுற்றி ஒரு நூலால் அளந்து பையில் போட்டுக்கொண்டார். ஏழு வருஷம் கழித்து, அந்த ஆடி மாதத்தில், ஊர் திரும்பிய ஒருவர் கையில் நான்கு தங்க வளையல்கள் வந்து சேர்ந்தன. 'நூல் என் பெட்டியில்தான் இருக்கிறது. அந்த அளவுக்கே செய்தது. கைக்குச் சரியாக இருக்கிறதா என்று எழுதவும்' என்று ஒரு சீட்டு.

ஒன்றுகூட முட்டியைத் தாண்டவில்லை. ஆபிதா சோப்பைக் குழைத்துத் தடவி அழுத்தினாள். தோல் சிவந்ததே தவிர வளையல் நகரவில்லை. கையைக் கழுவாமலே அக்கா என்னைப் பார்த்து, "எழுது. வளையல் அளவெடுத்த மாதிரி இருக்குன்னு எழுது" என்றாள்.

எழுதினேன். அக்காவுக்குக் கடிதம் எழுத வராது. அவள் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம். கடல் கடந்து இருப்பவருக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாரும் காத்துவந்த முறை. எங்கள் அம்மா இறந்தபோது பினாங்கில் இருந்த அத்தாவுக்கு, அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றுதான் எழுதினார்கள். அவர் ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். அதே முறைப்படி அக்காவின் ஆபரேஷனையும் மாத்திரையையும் நான் எழுதவில்லை. மாதம் ஒரு கடிதம். ஒவ்வொன்றும் 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று தொடங்கியது. நான் பி.ஏ. படித்தவன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

புரட்டாசியில் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பங்குனிக் கப்பலில் வருவதாகவும், இனித் திரும்பிப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி: 'நீ நாகப்பட்டினத்துக்கு வந்து அலைய வேண்டாம். வளையல் போட்ட கையோடு வாசலில் நின்றால் போதும்.'

நான் வாசித்து முடித்ததும் அக்கா கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். இனியாவது மச்சானுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"மாரு போனதை நேர்ல சொல்லிக்கிறேன். அதைத் துணி மறைக்கும். இந்த ஒடம்பை எதைப் போட்டு மறைக்கிறது? ஏழு வருசம் அந்த மனுசன் நூலை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் பலகை ஒடியிற மாதிரி போயி வாசல்ல நிக்கிறதா?"

ஐப்பசியில் நோன்பு வந்தது. சீக்காளி நோன்பு பிடிக்க வேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும். நானும் சொன்னேன். "நோம்பு இல்லைன்னா ஏன்னு கேப்பாக. எந்தச் சீக்குன்னு சொல்றது? பிடிச்சுக்கிறேன்" என்றாள். மத்தியான மாத்திரை தானாக நின்றது. விடியுமுன் சாப்பிடும் சஹர் வேளையில் போட்ட மாத்திரை பகலில் குமட்டி வாந்தி எடுக்க வைத்தது. வாந்தி எடுத்தால் நோன்பு என்னாகுமோ என்ற பயத்தில் அதையும் விட்டாள். மீதி இருந்தது ராத்திரி ஒன்று. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கால் மிஞ்சி விரலில் தானாகச் சுழன்றதாம். அன்றிலிருந்து அந்த ஒன்றையும் விட்டாள். இவை எல்லாம் பிற்பாடு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது தராசு மட்டும்தான்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்தபோது அறுபத்தாறு. நான் சத்தமாகவே சொன்னேன். அக்கா பலகையில் நின்றபடியே தன் மணிக்கட்டை மறு கையால் வளைத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு பெருநாளை அடுத்து வரும் ஆறு நோன்பும் பிடித்தாள். அதன் பிறகு திங்களும் வியாழனும் பிடித்தாள். தை மாதத்தில் அறுபத்தொன்று. மாசி தொடக்கத்தில் ஐம்பத்தாறு. அன்று காரைக்குடியில் இறங்கி அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பழையது காலில் கழன்று கழன்று விழுந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷப்படாதவள் சோணையம்மாள் ஒருத்திதான். மறுநாள் மில்லுக்கு வந்தவனை மறித்து, "தம்பி, அக்காவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. நோன்பு."

"எங்க தெருவுலயுந்தான் நோம்பு இருக்காக. கண்ணு இப்புடியா உள்ள போகும்? தோளு எலும்பு சேலைக்கு மேல தெரியுது. நல்லாப் பாருங்க, தம்பி. நான் கேலி பண்ணுனதை மனசுல வச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்குறாகளோ என்னமோ. கேலிதான்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் இல்லை, நல்லாப் பார்க்கவும் இல்லை.

அந்த வாரத்தில் வளையல் நான்கும் சோப்பு இல்லாமல் ஏறின. ஆபிதா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா கையை அசைத்து ஓசையைக் கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் தொழுகைக்கு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகுத் தண்டில் வலி.

வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தழும்பைப் பார்த்தார். மிளகு அளவில் இருந்தவை சுண்டைக்காய் அளவில், வரிசையாக.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அக்கா ஆபிதாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"நோம்புல நிறுத்துனேன். ஒடம்பு கொறையட்டும்னு."

டாக்டர் என்னிடம் திரும்பினார். "எடை குறைஞ்சது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். எழுபதரை, அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்தாறு என்று மாதம் தவறாமல் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னார். "முதலில் இறங்கியது நீர். பின்னால் இறங்கியது நோய் தின்றது. மாத்திரையை விடாமல் இருந்திருந்தாலும் எத்தனை நாள் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் குறைய ஆரம்பித்ததும் என்னிடம் கூட்டி வந்திருக்கலாம்." மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். இந்த முறை அது கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னாள்: "அவுக கப்பல் ஏற இன்னும் இருவது நாளு இருக்கு. எதையும் எழுதிப்புடாதே."

"ஒரு தந்தி கொடுத்துவிடுகிறேன், அக்கா."

"ஆறு நாளு தண்ணிக்கு நடுவுல இருக்கணும் அந்த மனுசன். அங்க யாருகிட்ட போயி அழுவாரு? வேணாம்."

தந்தி கொடுக்கவில்லை. அந்த மாதக் கடிதத்தையும் எப்போதும் போல எழுதினேன்.

பங்குனியில் நாகப்பட்டினத்துக்குப் போய் மச்சானை அழைத்து வந்தேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். செக்காலையில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. ராபியாவுக்கு இனிக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேலை வேண்டாம், ஒரு பம்பு வைத்துவிடலாம். புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்கினோம். அங்கே சொல்லிவிட நினைத்தேன். அவர் எனக்கும் சேர்த்து இரண்டு வடை வாங்கி வந்தார். சொல்லவில்லை.

அக்கா வாசலில் நிற்கவில்லை. கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். வளையல் போட்டிருந்தாள். இப்போது அவை நிற்காமல் கழன்றதால், ஆபிதா உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

மச்சான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரொம்ப மெலிஞ்சுட்டியே, ராபியா."

"நீங்க எடுத்த அளவுக்கு வரணும்ல" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தூக்கினார். நூல் சுற்றியிருந்தும் நான்கு வளையலும் சரிந்து முழங்கைக்குப் போயின. அவற்றை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார். மறுபடி சரிந்தன. அக்கா ஆபிதாவையும் என்னையும் வெளியே போகச் சொன்னாள்.

அரை மணி கழித்து மச்சான் கொல்லைக்கு வந்தார். கையில் பெட்டியிலிருந்து எடுத்த என் கடிதக் கட்டு இருந்தது.

"இது ஒன் கையெழுத்துதானே, ஹலீம்?"

"ஆமாம், மச்சான்."

"எல்லாத்துலயும் நலம்னு இருக்கு."

அவர் கோபப்படவில்லை. கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆபரேஷன்னு ஒரு வரி எழுதியிருந்தா அறுவத்தெட்டுலயே கப்பல் ஏறியிருப்பேன். அது எழுத மனசு வரலைன்னா, வளையலு பத்தலைன்னாவது எழுதியிருக்கலாம். பெருசா நாலு வாங்கி அனுப்பியிருப்பேன். அம்புட்டுத்தானே."

அக்கா அதன் பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். மச்சானே ஊட்டினார். கருவாடு கேட்டாள் என்று கருவாடு வாங்கி வந்து வறுக்கச் சொன்னார். அதில் ஒரு துண்டை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் துப்பினாள். சித்திரை கடைசியில், ஒரு மத்தியானம் இறந்தாள். குளிப்பாட்டிய பெண்கள் வளையல்களைக் கொண்டுவந்து ஆபிதாவிடம் கொடுத்தார்கள். கழற்ற வேண்டியிருக்கவில்லை, கையைத் தூக்கியதும் வந்துவிட்டன என்று ஒருத்தி சொன்னாள். உள்ளே சுற்றியிருந்த நூல் நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் பினாங்கில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மச்சான் என்னைக் கூப்பிட்டார். தாளை விரித்து, சலாம் எழுதி, அடுத்த வரியைத் தொடங்கினேன். எழுதிப் பழகிய கை. 'இவ்விடம் அனைவரும்' என்று எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

மச்சான் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற தாளு எடு" என்றார். "மொதல்லருந்து எழுது. அறுவத்தெட்டுலருந்து."