கொள்ளி வைத்தது யார்

என் அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி எங்கள் உறவுக்குள் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். லண்டனுக்கு வந்து ஈஸ்ட் ஹாமில் அவர் முதன்முதலில் இருந்த அறையின் சுவர் என்ன நிறம், மீற்றரில் காசு முடிந்து ஹீற்றர் நின்றுபோனால் யார் யாருடைய ஜாக்கெற்றை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள், ஹை ஸ்ட்ரீட்டில் முதல் தமிழ்க்கடை எந்த மூலையில் இருந்தது எல்லாம் சொல்லுவார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் பிளப்பதில்லை. அந்த ஒரே கடையை அவர் இதுவரை மூன்று மூலைகளில் வைத்திருக்கிறார். வயது போகப் போக ஞாபகம் மங்கும் என்கிறார்கள். அண்ணனுக்கு வர வரத் தெளிவாகிக்கொண்டு போகிறது.

கடை எந்த மூலையில் இருந்தாலும் எனக்கொன்றும் நட்டமில்லை. போன வருஷம் அப்பாவின் திவசத்தன்று அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. குட்மேய்ஸில் அவருடைய வீட்டில்தான் வருஷாவருஷம் திவசம் நடக்கும். ஐயர் வந்து காரியத்தை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். வாழையிலை மாதிரி அச்சடித்த பேப்பர் தட்டுகளில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தன் மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

"நான் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கேக்கை ஒரே காத்து. நெருப்புப் பிடிக்காதெண்டு எல்லாரும் பயந்தவை. திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு சொல்லுவினம், நான் பாத்தனான். தலைமாட்டிலை பிடிச்சு அப்பிடியே கால்மாட்டுக்குப் போனது."

என் கையில் இருந்த வடை கையிலேயே இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது நான்.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானபோது அண்ணன் லண்டனில் இருந்தார். அவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. போவதற்குக் கையில் பாஸ்போர்ட்டும் இல்லை. எங்கள் வழக்கப்படி தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்தவர் இல்லாததால் இளையவனான என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு இருபது வயது சொச்சம். மீசையை வழித்து, கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு சுடலைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். "மூத்தவன் இருந்தும் இல்லாமப் போச்சு" என்று ஒரு பெரியப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆள் இல்லாததற்கு ஓர் ஆள் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. ஆனாலும் செய்தவன் நான். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அண்ணன் செய்யாத ஒன்றை நான் செய்ததாகச் சொல்ல வேறெதுவும் இல்லை. லண்டனுக்கு வந்ததும் அவருக்குப் பின்னால்தான், வீடு வாங்கியதும் அவருக்குப் பின்னால்தான். இந்த ஒன்று மட்டும் என்னுடையது.

அப்படியானால் அவருக்கு அந்தக் காற்றும் நெருப்பும் எங்கிருந்து வந்தன? வீடியோ கசெற்றிலிருந்து. அந்த நாட்களில் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் செத்தவீட்டுக்கும் கமராக்காரரைக் கூப்பிடுவார்கள். வர முடியாதவர்கள் பார்க்க வேண்டுமே. லண்டனுக்குப் போகிற யாராவது ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்துவிடுவார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. நான் இங்கே வந்தபோது, போட்டுப் போட்டுத் தேய்ந்து படம் முழுக்கக் கோடு விழுந்திருந்தது. சுடலையில் சனத்துக்குள் முன்னால் வர இடமில்லாமல் கமராக்காரர் என் முதுகைத்தான் எடுத்திருந்தார். ஈரத் தலையோடு ஒரு முதுகு, அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் பின்னால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அம்மாவே ஆளை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்.

விருந்தாளிகள் இருந்ததால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. கிங்ஸ்பரியில் என் வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் காலையில் அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"அவர் கனநாளா அப்பிடித்தான் சொல்லுறார் தம்பி," என்றார் அண்ணி. "ஒருக்கா நான், 'நீங்கள் அப்ப இஞ்சையெல்லே இருந்தனீங்கள்' எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு முழுக்க மனுசன் சாப்பிடேல்லை. பிறகு நான் சொன்னதை மறந்துபோனார். கொள்ளி வைச்சதை மறக்கேல்லை."

"அதுக்காக நான் செய்யேல்லை எண்டு ஆகுமோ?"

"செய்தது உங்களுக்குத் தெரியும்தானே. அது காணாதோ?"

காணாது, போதவே போதாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கும் காணியில் என் பங்கைக் கேட்டிருந்தால்கூட யோசித்துப் பார்த்திருப்பேன். இதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அடுத்த திவசத்தன்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெறுமனே நான்தான் என்றால் போதாது. கசெற்றில் இல்லாத ஒன்றை, அங்கே நின்றவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்காக உட்கார்ந்து நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது. தோளில் குடத்தோடு அப்பாவைச் சுற்றி வருகிற என்னை நான் பார்க்கிறேன், ஆனால் பின்னாலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் கொத்தித் துளை போடுகிறார்கள். தண்ணீர் என் முதுகில் வழிவது தெரிகிறது. அது குளிர்ந்ததா என்று தெரியவில்லை. தன் முதுகைத் தானே பார்த்தவன் யார்? நெருப்புப் பிடித்துத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போவதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் கொள்ளி வைக்கிறவன் பின்பக்கமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நான் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. நிச்சயமாகப் பார்த்திருக்க மாட்டேன். அந்த நெருப்பையும் நான் அண்ணனின் ரீவியில்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பயமாகிவிட்டது. செய்தவனிடம் இருப்பதும் செய்யாதவரிடம் இருப்பதும் ஒரே படம். அவராவது, திரும்பிப் பார்த்தேன் என்று அதற்கொரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். என்னிடம் அதுவும் இல்லை.

இருந்தாலும் இந்த வருஷம் சொல்லத்தான் போனேன். நோர்த் சேர்குலர் ரோட்டில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது எப்படித் தொடங்குவது என்று வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது ஐயர் கிளம்பிவிட்டிருந்தார். படைத்த சோற்றைக் காகத்துக்கு வைப்பதற்காக அண்ணன் தோட்டத்தில் நின்றார். குட்மேய்ஸ் காகங்கள் கூப்பிட்டவுடன் வருவதில்லை, அணில்தான் முந்திக்கொள்ளும். அது வராமல் பார்த்துக்கொண்டு, சோற்றுத் தட்டோடு வேலியோரம் தனியாக நின்றார். உள்ளே எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். நான் அவரிடம் போனேன்.

"அண்ணை, அப்பாவின்ரை செத்தவீட்டைப் பற்றி ஒண்டு கதைக்கோணும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் இளகியது.

"எனக்குத் தெரியும்டா. உனக்கு அது இன்னும் மனசுக்குள்ளை கிடக்குது. போன முறை நான் கதைக்கேக்கை உன்ரை முகம் மாறினதைக் கண்டனான்."

நான் வாயெடுக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"நீ என்ன செய்யிறது? உனக்குக் கேஸ் முடியேல்லை. போயிருந்தாத் திரும்பி வந்திருக்க ஏலாது. அப்பாவுக்கு அது விளங்கும். உனக்கும் சேத்துத்தான் நான் கொள்ளி வைச்சனான். இனி அதை யோசிக்காதை."

ஈஸ்ட் ஹாம் அறையில் இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தான் இருந்த இடத்தில் என்னை இருத்திவிட்டு, தனக்குக் கிடைக்காத ஆறுதலை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததை எனக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "என்னாலை வர ஏலாமப் போட்டுது."

"அண்டைக்கு நீ என்ன செய்தனி? அறையிலை தனியவோ இருந்தனி?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். அன்று அண்ணன் என்ன செய்தார் என்பதை, அவரோடு அறையில் இருந்த ஒருவர் பல வருஷங்களுக்கு முன் எனக்குச் சொல்லியிருந்தார்.

"இல்லை. பெற்றோல் ஸ்டேஷனிலை ஷிப்ட். மாறிச் செய்ய ஆள் கிடைக்கேல்லை. வேலைக்குப் போனனான்."

அண்ணன் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு வந்து என் தோளில் கையைப் போட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"அண்டைக்கும் வேலைக்குப் போனியோ," என்றார். "பாவமடா நீ."