ஓகேவுக்குப் பின்னால் ஒரு ‘ங்க’

சந்தவாசல் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். ஆரணியின் கடைசி வீடுகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. வாயில் மட்டும் அந்த ஒரே சொல் வந்துகொண்டிருந்தது. யா. யா. ஒவ்வொரு தடவையும் எச்சில் துப்புவதுபோலச் சொன்னேன்.

அன்று மதியம்வரை ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை. சேலைகளை மடித்துப் பெட்டியில் வைப்பேன், கடையின் செல்போனில் வரும் கேள்விகளுக்குப் பதில் தட்டுவேன். படுக்கை கடையின் மாடியில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் ஊராகத் திரிந்ததில் ஆங்கிலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் போனை என் கையில் கொடுத்தார்கள்.

வடக்கே எங்கிருந்தோ ஒரு அம்மாள், தமிழ் தெரியாதவர், மகள் கல்யாணத்துக்குச் சேலைகள் கேட்டிருந்தார். அரக்கு நிறத்தில்தான் வேண்டும், பச்சை வேண்டாம் என்று எழுதினார். ஆங்கில எழுத்தில் ‘ஓகே’ தட்டினேன். மொட்டையாகத் தெரிந்தது. இங்கே பெரியவர்களிடம் வெறும் ‘சரி’ என்றால் முறைப்பார்கள், ‘சரிங்க’ என்றால்தான் காதில் வாங்குவார்கள். அதனால் ஒரு இடம் விட்டு, அதே ஆங்கில எழுத்தில் ‘ங்க’ சேர்த்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி கத்திக்கொண்டு வந்தார். பாயில் உட்கார்ந்து சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“இன்னாடா எழுதிகினு இருக்கிற? யாரு அந்த ‘ங்கா’, உங்க பார்ட்னரான்னு அந்தம்மா போன் பண்ணிக் கேக்குது!”

“பார்ட்னருக்கு ஒரு காபி சொல்லுங்க மொதலாளி” என்றார் பாயிலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“மரியாதைக்குத்தான் சார் போட்டேன்.”

“இங்கிலீஷ்ல மரியாதைக்கு வால் கெடையாதுடா. ஓகேன்றது டீக்கடைல சொல்றது. கஸ்டமருக்கு ‘சர்ட்டன்லி மேடம்’. எனக்கு ‘யெஸ் சார்’. ஏறுதா மண்டைல?”

அப்போது அவர் போன் அடித்தது. அதே அம்மாள்தான். முதலாளி மேசைமேல் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினார். “யா… யா யா… யா, ஷ்யூர்.” ஒரு சர்ட்டன்லி இல்லை, ஒரு மேடம் இல்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே ஒழுங்கா எழுதுவியா?”

“யா” என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“இன்னாது?”

“யா.”

“எவன்கிட்டடா யா சொல்ற? வேல வேணும்னா ‘யெஸ் சார்’னு சொல்லு. ஜல்தி!”

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலையும் இருந்திருக்கும், படுக்க மாடியும் இருந்திருக்கும். ஆனால் அவர் வாயில் ஸ்டைலாக இருக்கும் சொல் என் வாயில் எப்படித் திமிராகிறது? அவர் ஒத்துக்கொண்டால் பேச்சு, நான் ஒத்துக்கொண்டால் குனிய வேண்டுமா? மாடிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அன்று இரவு சாலையோரத்து அரிசி ஆலை ஒன்றின் கொட்டகையில் படுத்தேன். காவல்காரர் பார்த்தார், விரட்டவில்லை. காலையில் மூட்டை இறக்க ஒரு லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. வாசல் குறுகல். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“தம்பி, கிளீனர் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். ஒரே பேஜாரா கீது. பின்னால நின்னு சைடு சொல்றியா?”

போய் நின்றேன். கோபம் அப்படியே இருந்தது. அதை வைத்தே தொண்டை கிழியக் கத்தினேன். “ரைட்டு… ரைட்டு… வா, வா… ரைட்டு… ஓல்டான்!” சுவரை உரசாமல் வண்டி நின்றது.

மூட்டைகள் இறங்கியதும் அவர் கேட்டார்: “வெம்பாக்கம் போயி நெல்லு ஏத்தணும். கூட வரியா?”

“சரி” என்றேன். ‘ங்க’ போடவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கையை வெளியே விட்டுக் கதவை ஓங்கித் தட்டினேன்.

“ரைட்டு!”

லாரி கிளம்பியது.