எட்டாம் கூண்டுக் குட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் போன வருடம் ஓர் அக்காவின் வேலையைப் பறிக்கப் பார்த்தேன்.

தேனிக்குப் பக்கத்தில், முயல் வளர்க்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கும் ஆன்டிபாடியில் கனமான சங்கிலி, லேசான சங்கிலி என்று இரண்டு உண்டு. லேசான சங்கிலி முயலுக்கு முயல் வகை மாறும். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று வரும், தகப்பனிடமிருந்து ஒன்று வரும். வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. எது எந்தக் குட்டிக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

எட்டாம் கூண்டில் வளர்ந்த ஒரு குட்டியின் ரத்தத்தில், தாய்க்கும் இல்லாத, தகப்பனுக்கும் இல்லாத மூன்றாவது வகை இருந்தது. இரண்டு முறை சோதித்தேன். அதேதான். கூண்டைத் திறந்து போட்டதில் வேறு ஆண் முயல் புகுந்துவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். சுருளிப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை எல்லார் முன்னாலும் வைதேன்.

“வீரபாண்டி ஆத்தா சத்தியமா நான் தெறந்து போடல சார்.”

“அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?”

அவரை நீக்கச் சொல்லிக் கடிதமும் அடித்தேன். அந்தச் சம்பளத்தில்தான் அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். தெரிந்தேதான் அடித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

கையெழுத்துப் போடப் போகும்போது அக்கா வாசலில் வந்து நின்றார்.

“சார், எந்தக் குட்டி? காது நுனி கறுத்திருக்குமே, அதா?”

“ஆமா.”

“ஆத்தாடி! அது அந்தத் தாய் போட்டதே இல்லையே! அஞ்சாங்கூண்டுல குட்டி போட்டுட்டு ஒரு தாய் செத்துச்சுல்ல, அதுல தப்புனது இது ஒன்னுதான். பாலுக்குத் தவிக்குதேன்னு எட்டாங்கூண்டுல விட்டேன். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். போன்ல பேசிக்கிட்டே தலைய ஆட்டுனீக.”

ஆட்டியிருப்பேன். அதுதான் என் லட்சணம். செத்த முயலின் ரத்தம் ஃப்ரீசரில் இருந்தது. எடுத்துச் சோதித்தேன். அந்த மூன்றாவது வகை அதில் இருந்தது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முயல் கொட்டகைக்குப் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தப்பு என்னோடதுதான்க்கா. மன்னிச்சிருங்க.”

அக்கா கூண்டுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வையும்போது எல்லாரும் நின்னாக. மன்னிப்பு மட்டும் இங்கன, முயலுக்கு முன்னாடியா சார்?”

போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.