வெளிய வந்தது நான்தான்

நம்ம நாட்டுப் பொண்ணுங்க ஃபுட்பால் டீம் தோத்துட்டு வந்ததுக்கு யாரு காரணம்னு கேட்டா, என் பார்லர் நாற்காலியில உக்காந்த ஒவ்வொருத்திகிட்டயும் ஒரு பதில் ரெடியா இருந்துச்சு. புருவம் எடுக்க வந்த பேங்க்கம்மா கண்ணை மூடிக்கிட்டே, "கோச்சுதாங்க காரணம். அந்தம்மாவுக்கு ஆள் எடுக்கவே தெரியல"ன்னாங்க. எதிர்க்கடை மெடிக்கல்காரம்மா, "அந்தக் கோல்கீப்பர் பொண்ணுதான். கோலை விட்டுட்டு எங்கடி ஓடினே?"ன்னு என் கண்ணாடியைப் பாத்து அதட்டினாங்க. பந்து உருண்டையா சதுரமான்னு தெரியாதவங்களுக்கெல்லாம் கருத்து இருக்கு! நூல் என் பல்லுல மாட்டியிருக்கு, வாயைத் திறக்க முடியாது. இல்லேன்னா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். பேங்க்கம்மாவோட புருவத்துல நூலைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். "ஆ!"ன்னாங்க. "சாரிங்க"ன்னேன்.

ஏன்னா அந்தக் கோச்சு என் அண்ணி. என் கூடப்பொறந்த அண்ணனோட பொண்டாட்டி.

அண்ணி எங்க வீட்டுக்கு வந்தப்ப, பெட்டியில துணிமணிக்கு அடியில ஒரு ஜோடி பூட்ஸ் இருந்துச்சு. அடியில மண்ணு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. எங்க அம்மா அதைத் தூக்கிப் பாத்துட்டு, "உன் தம்பியோடதாம்மா? மாறி வந்துருச்சா?"ன்னு கேட்டாங்க. "இல்லத்தை, என்னோடது"ன்னாங்க அண்ணி. அதை அலமாரியில வைக்கிறதா, வாசல்ல வைக்கிறதான்னு தெரியாம அம்மா கொஞ்ச நேரம் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்க. கடைசியில அலமாரியிலதான் வச்சாங்க, எங்க அப்பாவோட நல்ல சட்டைக்குப் பக்கத்துல.

பொண்ணுங்க ஸ்கூல்ல அண்ணி விளையாட்டு டீச்சர். அவங்க குரல் இருக்கே, அப்பப்பா! சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது தெருமுனையிலயே, "ஏய் கத்திரி, டீ சொல்லிட்டியா?"ன்னு கேப்பாங்க. கத்திரின்னா நான்தான். என் கையில எப்பவும் கத்திரி இருக்கிறதால அந்தப் பேரு. கத்திரி கையில மட்டும் இல்ல, வாயிலயும் இருக்குன்னு அவங்களே விளக்கமும் குடுப்பாங்க. எங்க அண்ணன் மின்சார ஆபீஸ்ல கம்பம் ஏறுறவரு. "நான் கம்பத்து உச்சியில இருந்தாலும் இவ கூப்பிட்டா கேக்கும். எனக்கு எதுக்கு போனு?"ம்பாரு.

கோல்கீப்பர் பொண்ணையும் அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க. ஸ்கூல்ல ஒரு பொண்ணு ஸ்டூல் போடாம கரும்பலகையோட உச்சியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாளாம். அண்ணி வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஏய் நெட்டை, கிரவுண்டுக்கு வா"ன்னாங்க. அன்னியிலிருந்து அவ நெட்டை. மத்த பிள்ளைங்க கிண்டல் பண்ணின உயரத்துக்கு அண்ணி ஒரு வேலை குடுத்தாங்க. அப்புறம் ஸ்கூல் டீம் ஜெயிச்சு, அண்ணிக்குப் பேரு வந்து, நாட்டு டீமுக்கே கோச்சா கூப்பிட்டப்ப நெட்டையும் கூடவே போனா. அவளைவிட அனுபவம் உள்ள கோல்கீப்பர் இருக்கும்போது இவ எதுக்குன்னு அப்பவே முணுமுணுப்பு. அண்ணி காதுல போட்டுக்கல.

இப்ப தோத்துட்டு வந்த போட்டியில முதல் மேட்ச் தோல்வி. ரெண்டாவது மேட்ச் சமம், அதுவும் நெட்டை ஒரு பெனால்டியைப் பாய்ஞ்சு தடுத்ததால. அன்னிக்கு நான் கஸ்டமர் தலையில சாயத்தைப் போட்டுட்டு டிவி முன்னாடி குதிச்சதுல, அந்தம்மா முடி நினைச்சதைவிட ரெண்டு மடங்கு சிவந்துபோச்சு.

அந்த மேட்ச்சோட அண்ணிக்குத் தொண்டை போச்சு. ராத்திரி போன் பண்ணினா வெறும் காத்துதான் வருது. அண்ணன், "ஹலோ, ஹலோ"ன்னு கத்துறாரு. ஒருவழியா புரிஞ்சதும், "கல்யாணம் ஆனதுலயிருந்து இன்னிக்குத்தான் நான் பேசி நீ கேக்குற"ன்னு சந்தோஷப்பட்டாரு. அண்ணி சிரிச்சதுகூட எங்களுக்குச் சரியா கேக்கல.

மத்த மேட்ச்சுங்க முடிஞ்ச விதத்துல, கடைசி மேட்ச்ல சமம் பண்ணியிருந்தாலே போதும், அடுத்த சுற்றுக்குப் போயிருப்பாங்க. முழுக்க அண்ணி போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்துற மாதிரி கையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. முடியப் போற நேரத்துல எதிர் டீமுக்கு ஒரு கார்னர், மூலையிலயிருந்து அடிக்கிற கிக்கு. பந்து உயரமா வருது. நெட்டை கோலை விட்டு வெளிய வந்து எம்பினா. விரல் நுனிக்கு மேல பந்து போயிருச்சு. பின்னாடி நின்ன எதிர் டீம் பொண்ணு ஒருத்தி தலையால தட்டிவிட்டா. கோல். அவ்வளவுதான், மூட்டை முடிச்சோட வீட்டுக்கு.

மேட்ச் முடிஞ்சு டிவியில காட்டின பேட்டியில ஒருத்தன் மைக்கை நீட்டி, "இந்தத் தோல்விக்கு யாரு பொறுப்பு?"ன்னான். நெட்டை பின்னாடி வரிசையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தா. அண்ணி மைக்கை வாய்க்கிட்ட இழுத்து, கரகரன்னு சொன்னாங்க: "நான்தான். அந்தக் கார்னருக்கு அவ கோல்லயேதான் நின்னா. வெளிய வான்னு பெஞ்சுல இருந்து கத்தினது நான். என் பேச்சைக் கேட்டுத்தான் வந்தா."

நானும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கத்தினாங்களாம்! பக்கத்துல இருக்கிறவனுக்கே கேக்காத தொண்டையை வச்சுக்கிட்டு! ஆனா அங்க இருந்த ஒருத்தனும் சந்தேகப்படல. கத்திக் கத்தித்தான் தொண்டை இப்படி ஆயிருச்சுன்னு நினைச்சுட்டான்.

ஊரு திரும்பின கையோட கால்பந்து சங்கம் அண்ணிக்கு ஒரு சால்வை போட்டு, ரொம்ப நன்றின்னு சொல்லி அனுப்பிருச்சு. ஸ்கூல் வேலை கையில இருந்துச்சு, அது வரைக்கும் புண்ணியம். டாக்டர் கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாதுன்னுட்டாரு.

எனக்குப் பொறுக்கல. ஒருநாள் காய் நறுக்கிட்டு இருந்தவங்ககிட்ட, "ஏன் அண்ணி அந்தப் பொய்? போறவ வர்றவளெல்லாம் உங்களைத் திட்டுறா, எனக்கு வயிறு எரியுது"ன்னேன்.

அண்ணி கத்தியைக் கீழ வச்சாங்க. மெல்லிசா சொன்னாங்க. "அவ வயசுல நான் ஒரு பெனால்டியை வெளிய அடிச்சேன் கத்திரி. எங்க கோச்சு டிவியில, 'அவ தப்புதான்'னாரு. என் பேரைச் சொல்லிச் சொன்னாரு. பால் வாங்கப் போனா, பால்காரர்கூட 'ஏம்மா அப்படி அடிச்சே?'ன்னு கேட்டாரு. பூட்ஸைத் தூக்கிப் பெட்டிக்குள்ள அடியில போட்டேன். மறுபடி கிரவுண்டுல கால் வைக்க எனக்கு வருஷக்கணக்காச்சு. இவளுக்கு அது நடக்கக் கூடாது. நான் கிழவியாகப் போறவ, ரெண்டு திட்டு வாங்கினா தேய்ஞ்சா போயிருவேன்?"

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெங்காயத்து மேல பழியைப் போட்டேன், அவங்க நறுக்கிட்டு இருந்தது கேரட்.

அந்த வாரத்துலயே ஒரு சாயங்காலம் கடையில ஆளில்லாத நேரம் பாத்து நெட்டை வந்தா. குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தா. நாற்காலியில உக்காந்து, "அக்கா, ஒட்ட வெட்டிருங்க. என்னை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது"ன்னா.

"உன் உயரத்தை என்ன பண்ணுறது? அதையும் வெட்டட்டா?"ன்னேன்.

வழக்கமா சிரிப்பா. சிரிக்கல. "பிராக்டிஸுக்குப் போறதில்லக்கா. கிளவுஸைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், பாத்திரம் தேய்க்க வச்சுக்கோன்னு."

கழுத்தைச் சுத்தித் துணியைக் கட்டினேன். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏண்டி, உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே எங்க அண்ணி அத்தனை பழியையும் தலையில போட்டுக்கிட்டாங்க? கோச்சு வேலை போச்சு, பேரு போச்சு. நீ இப்படி உக்காந்திருந்தா அதுக்கு என்னடி அர்த்தம்?"

"அவங்களை யாருக்கா போட்டுக்கச் சொன்னா?" கண்ணாடியில என்னை நேரா பாத்தா. "அன்னிக்கு டீச்சருக்குக் குரலே இல்ல. எனக்கு எதுவும் காதுல விழல. பந்து காத்துல வந்தப்ப, 'இது என் பந்து'ன்னு நான்தான் முடிவு பண்ணினேன். வெளிய வந்தது நான். இப்ப அந்தப் பேட்டியைப் பாத்தவங்கல்லாம் என்ன சொல்றாங்க தெரியுமா? 'பாவம், சின்னப் பொண்ணு, சொன்னதைச் செஞ்சா'ங்கறாங்க. அப்ப அந்தப் பெனால்டி? அதையும் டீச்சர் சொல்லித்தான் தடுத்தேனா? எங்க வீட்டுலயே கேக்குறாங்கக்கா, எந்தப் பக்கம் பாயணும்னு டீச்சர் கை காட்டினாங்களான்னு."

கத்திரி பாதி வழியில நின்னுருச்சு. ஒரு பக்கம் முடி காதுக்கு மேல, இன்னொரு பக்கம் தோள் வரைக்கும். எனக்கே பேச்சு வரலைன்னா பாத்துக்கோங்க.

அந்த நேரம் பாத்து கதவு திறந்துச்சு. அண்ணி! எப்பவும் தெருமுனையிலயே குரல் வந்துரும், ஓடி ஒளியறவ ஒளிஞ்சுக்கலாம். இப்ப குரல் இல்லாததால ஆளே முன்னாடி வந்து நிக்கிறாங்க. நெட்டை எழுந்திருக்கப் பாத்தா. கழுத்துல துணி, பாதி வெட்டின தலை. அப்படியே எங்க போறது? திரும்ப உக்காந்தா.

அண்ணி அவ தலையைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "என்னடி இது கோலம்?"னு காத்தாக் கேட்டாங்க.

"டீச்சர், நீங்க என்னைக் கூப்பிடல"ன்னா நெட்டை.

அண்ணி பின்னாடி கையை விட்டுக் கதவைச் சாத்தினாங்க.

"நீங்க கத்தல. நானா வந்தேன். தப்பா கணக்குப் போட்டுட்டேன். ராத்திரி படுத்தா அந்தப் பந்துதான் வருது. எங்க விட்டேன், ஒரு அடி முன்னாடி எம்பியிருக்கணுமான்னு யோசிச்சுப் பாக்கணும்னு தோணுது. ஆனா யார்கிட்ட பேசினாலும் 'அது உன் தப்பு இல்ல'ன்னு வாயை அடைச்சுடுறாங்க. தப்பே என்னோடது இல்லேன்னா நான் எதை டீச்சர் திருத்துறது?" கழுத்துல கட்டின துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. "உங்க தப்பு எதுவா இருந்தாலும் நீங்க வச்சுக்கோங்க. என்னோடதை எனக்குக் குடுத்துருங்க."

அண்ணி பக்கத்து நாற்காலியில மெதுவா உக்காந்தாங்க. கழுத்துல தொங்குற விசிலைக் கையில பிடிச்சு உருட்டிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பொண்ணைக் காப்பாத்திட்டோம்னு நினைச்சு நிம்மதியா இருந்த மனுஷி. எனக்கு அவங்க முகத்தைப் பாக்கவே முடியல, பாவமா இருந்துச்சு. அப்புறம் நாற்காலியை நகத்தி, நெட்டை முழங்காலோட முழங்கால் படுற மாதிரி நேரெதிர்ல வந்து உக்காந்தாங்க.

"உன் தப்புதான்"னாங்க. உதடு அசைஞ்சது தெரிஞ்சுச்சு.

"காதுல விழல டீச்சர்."

"உன் தப்புதான்."

"விழல."

டாக்டராவது ஒண்ணாவது! அண்ணி மூச்சை இழுத்து, ஓட்டைத் தகரம் கிழியுற மாதிரி ஒரு குரல்ல கத்தினாங்க: "உன் தப்புதான்டி! அந்தப் பந்து உனக்கு எட்டாது! நீ கோல்லயே நின்னிருக்கணும்! அந்தப் பெனால்டியைத் தடுத்ததும் நீதான், நான் கண்ணை மூடிக்கிட்டேன், பாக்கக்கூட இல்ல!"

எதிர்க்கடையில மெடிக்கல்காரம்மா மாத்திரை டப்பாவோட வெளிய வந்து எட்டிப் பாத்தாங்க. நெட்டை ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா. துணிக்கு அடியிலயிருந்து அந்த நீளக் கையை வெளிய எடுத்து அண்ணியோட கையைப் பிடிச்சுக்கிட்டா. வெட்டின முடியெல்லாம் ரெண்டு பேரு மேலயும் ஒட்டிக்கிச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிட்டு, "எட்டுமா எட்டாதான்னு எப்படி டீச்சர் கணக்குப் போடுறது?"ன்னு கேட்டா. அண்ணி என் கிரீம் டப்பா, சீப்பு, பவுடர் எல்லாத்தையும் மேஜையில அடுக்கி, பஞ்சுருண்டையைப் பந்தா வச்சுக் காட்ட ஆரம்பிச்சாங்க. நான் மிச்சப் பாதியையும் வெட்டி முடிச்சேன். போகும்போது அவ குல்லாவை மறந்துட்டுப் போயிட்டா. "தங்கச்சி கிளவுஸை ஊறப் போடுறதுக்குள்ள போகணும்"னு தெருவுல ஓடினா.

நான் தரையைக் கூட்டினேன். அண்ணி தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி உக்காந்தே இருந்தாங்க.

"எங்க கோச்சு அன்னிக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான் கத்திரி"ன்னாங்க, மறுபடி காத்தா. "ஆனா அவர் கேமராவைப் பாத்துச் சொன்னாரு. என்கிட்ட வந்து சொல்லவே இல்ல."

நான் துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு, ரெண்டு டீ சொல்லப் போனேன்.