மீட்டரை மூடிய துண்டு

அந்த டிரைவருக்குக் கழுத்தெல்லாம் வியர்க்குரு. தோளில் கிடந்த பச்சைத் துண்டால், இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரின் கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொள்வார். வேலை தேடி விழுப்புரம் போக, திண்டிவனத்தில் அவருடைய பழைய ஜப்பான் காரில் ஏறினேன். "இது ஓடற வரைக்கும் நமக்குச் சோறு தம்பி," என்றார்.

வழியில் பிரசவ வலியோடு நின்ற ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் மீட்டர் முள் ஏறியது. அவர் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டார். சித்திரை வெயிலில் சுடுகாற்று முகத்தில் அடித்தது.

"இன்னாங்க இது! அவளே துடிச்சிக்கினு இருக்கா!" என்று புருஷன் கத்தினான்.

"இஞ்சின் சூட்ட உள்ள இழுத்தாதான் வண்டி போவும்பா. ஜன்னல எறக்கு."

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் முள் சிவப்பைத் தொட்டது.

"நிறுத்திடலாமாண்ணே?" என்றேன்.

"ஜப்பான் இஞ்சின் லேசுல நிக்காது, வெந்துக்கினே ஓடும். நாமதான் பாத்து நிறுத்தணும்." துண்டை எடுத்து மீட்டரை மூடினார். "பாக்கலன்னா போய்க்கினே இருக்கலாம்."

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியதும் வண்டி தானாக அணைந்தது. சாவியை எத்தனை முறை திருப்பியும் இஞ்சின் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து புருஷன் ஓடிவந்தான். "ரெண்டு உசுரும் நல்லாருக்குதுண்ணே!"

"ஜல்தியா உள்ள போ, உன்னத் தேடப் போறாங்க," என்றார் டிரைவர்.

பிறகு துண்டை எடுத்து, மீட்டர் கண்ணாடியைப் பொறுமையாகத் துடைத்தார். இனி முள் ஏறப்போகாத மீட்டரை எதற்கு அப்படித் துடைத்தார் என்று, வேறு வண்டிகளில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன்.