கொட்டகைத் தூசி

நகராட்சி நாற்றுப்பண்ணையில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டோம். காலையில் பைகளில் மண் நிரப்ப உட்கார்ந்தால் சாயங்காலம் கை கழுவும்வரை வாய் ஓயாது. பஸ்ஸில் பார்த்த சண்டை, மகன் பரீட்சையில் எழுதிவைத்த கூத்து, வீட்டுக்காரரின் குறட்டை, எதுவானாலும் அவள் வாயில் விழுந்தால் கதையாகிவிடும். அவள் லீவு போட்டால் மேற்பார்வையாளரே வந்து, "இன்னைக்கு ஸ்டேஷன் மூடியாச்சா?" என்று கேட்பார்.

அந்த ரேடியோ ஒரே ஒருத்தியிடம் மட்டும் பேசாது. அவளுடைய ஓரகத்தியும் எங்கள் பண்ணையில்தான் பதியன் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இருவரும் ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும் குடியிருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து. பழைய கதை அது. நாத்தனார் கல்யாண விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "எங்க அக்காவுக்கென்ன, பிள்ளையா குட்டியா, நிம்மதியாத் தூங்கலாம்" என்று சின்னவளான நம்ம ரேடியோ சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

சின்னவளின் பிள்ளைகள் அந்தச் சண்டையில் சேரவில்லை. பள்ளிவிட்டால் பையைப் படியிலேயே போட்டுவிட்டு மாடிக்குத்தான் ஓடுவார்கள். பெரியவள் எதைச் சமைத்தாலும் அவர்கள் கையில் ஒரு கிண்ணம் கீழே வரும். கிண்ணம் கழுவித் திரும்பிப் போகும். ஒரு வார்த்தை கூடப் போகாது.

பண்ணையில் சொல்ல வேண்டியதைத் தண்ணீர் வண்டிக்காரர் வழியாகச் சொல்லிக்கொள்வார்கள். நாலடி தள்ளி நிற்பவளிடம் குழாயை மூடச் சொல்ல அவரைத் தேடுவார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, கேட்டதா, நான் வேறு ஒருமுறை சொல்லவேண்டுமா என்பார். எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பண்ணையின் பின்கோடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சாலையோரம் மரம் நடும் சமயத்தில்தான் திறப்போம். மற்ற மாதங்களில் அது எலிகளின் ராஜ்ஜியம். அந்த வருஷம் அதைச் சுத்தம் செய்யும் வேலை சின்னவளுக்கு விழுந்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு புளித்த வாடை. விதை மூட்டைகளின் இடுக்கெல்லாம் காய்ந்த எலிப்புழுக்கை, மூலையில் சாக்கைக் கடித்துக் கட்டிய கூடு. அவள் துடைப்பத்தை எடுத்து விளாச ஆரம்பித்தாள். வாசலில் பூந்தொட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தூசி பறக்குது. தண்ணி தெளிச்சுட்டுப் பெருக்கச் சொல்லுங்க."

"தூசி ஒத்துக்காதவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க அண்ணே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. துடைப்பம் முன்னைவிட வேகமாகப் போயிற்று. நாங்கள் சிரித்தோம். அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, தண்ணீர் தெளிக்கச் சொன்னவளுக்கும் தெரியாது.

சில வாரங்கள் கழித்துச் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. தொடையும் இடுப்பும் அடித்துப் போட்டமாதிரி வலிக்கிறது என்றாள். வெயிலில் மண் சுமந்த அலுப்பு என்று நாங்கள் சொன்னோம், அவளும் நம்பினாள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அப்புறம் வராமல் போனாள். ஒரு காலையில் படியேறி மாடிக்குப் போனவள் நடுப்படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். எதற்காக மேலே ஏறினாள் என்பது யாருக்கும் தெரியாது. பார்த்துத் தூக்கியது பெரியவள்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்றார். எந்தமாதிரி வேலை, எலி, வவ்வால் ஏதாவது இருக்கும் இடத்தில் இருந்தாளா என்று விசாரித்தார். செடி வைக்கிற வேலை என்பதற்குமேல் புருஷனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெரியவள் முன்னே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். என்றைக்குக் கொட்டகை திறந்தது, ஜன்னல் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் பெருக்கியது, மூக்கில் துணி கட்டாதது, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டது, எதுவும் விடவில்லை. பேச்சில்லாத அத்தனை வருஷமும் அவள் கண் சின்னவளை விட்டு நகரவே இல்லை என்பது அப்போதுதான் கொழுந்தனுக்குத் தெரிந்தது.

எலியின் மூத்திரத்திலும் எச்சத்திலும் இருக்கும் வைரஸ், காய்ந்த தூசியோடு மூச்சில் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இதற்கென்று தனி மருந்து கிடையாது, மூச்சுக்கு உதவி செய்துகொண்டு காத்திருக்கத்தான் முடியும். பெரியவளின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை.

உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றபோது, நீங்க போங்க அண்ணி என்று கொழுந்தன் ஒதுங்கிக்கொண்டான். ஆக்சிஜன் முகமூடியைச் சின்னவள் கையால் விலக்கினாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கல்யாணத்துல..."

"பேசாதே" என்றாள் பெரியவள். "மூச்சு வாங்குது பாரு. எல்லாம் வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

முகமூடியைச் சரியாக வைத்துவிட்டாள். சின்னவள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அன்று மதியமே தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

இத்தனை காலம் கழித்து வாயைத் திறந்து, 'பேசாதே' என்றுதானே சொன்னேன் என்று பெரியவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். அவள் நல்லதுக்குத்தானே சொன்னாய் என்றோம். அது அவள் காதில் ஏறவில்லை.

சோதனை முடிவு பிறகு வந்தது. டாக்டரம்மா நினைத்ததுதான். அதிகாரிகள் வந்தார்கள். கொட்டகையின் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தார்கள், ஜன்னல் வைத்தார்கள். இப்போதெல்லாம் கதவைத் திறந்துபோட்டுக் காற்றோட்டம் வரும்வரை வெளியே நிற்கிறோம். முகக்கவசமும் கையுறையும் மாட்டி, பிளீச்சிங் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்தெடுக்கிறோம். துடைப்பம் உள்ளே போவதில்லை.

வெளிவேலைக்காரர்களுக்கென்று சுகாதாரத் துறை ஒரு கூட்டம் போட்டது. பெரியவளையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட எங்க வேலை செஞ்சீங்கன்னு சொல்லுங்க. அவங்க கேக்கலைன்னாலும் சொல்லுங்க" என்றாள். மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.